இறங்கும் என்று தெரிந்தே கட்டினார்கள்: சிகாகோ, நியூயார்க் பயணக் குறிப்புகள்

ஞாயிறு, சிகாகோ

சிகாகோ டவுன்டவுனில் எங்கே போர் போட்டாலும் கிட்டத்தட்ட ஒரே வரிசைதான் வரும். மேலே பத்தடி சுமாருக்குக் கொட்டி நிரப்பிய மண். அதன்கீழ் சில அடி கனத்துக்குக் காய்ந்து இறுகிய களிமண். அதையும் தாண்டினால் பனிப்பாறைகள் விட்டுப்போன நீலச் சாம்பல் நிறக் களி, கையில் எடுத்தால் பிசையலாம். அறுபது, எழுபது அடிக்குக் கீழே போனால்தான் 'ஹார்ட்பேன்' என்று இவர்கள் சொல்லும் கெட்டித் தட்டு. சுண்ணாம்புப் பாறை நூறடிக்குப் பக்கம்.

நம் ஊரில் வானம் தோண்டும்போது "இன்னும் ரெண்டடி போங்க, நல்ல மண்ணு வரும்" என்பது வழக்கம். 1880களில் இங்கே அப்படிச் சொன்ன மேஸ்திரியை மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்றிருப்பார்கள். தோண்டத் தோண்ட மண் இளகுகிற ஊர் இது. அதனால் மேலே இருக்கும் அந்தக் கெட்டித் தோலைக் கிழிக்காமல், அதன்மேலேயே பத்து மாடி, பதினாறு மாடி என்று ஏற்றினார்கள்.

அவற்றில் மிச்சமிருக்கும் கட்டடங்களின் காலடியைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன். சென்னையில் பைலிங் வேலை (அஸ்திவாரத்துக்கு மண்ணுக்குள் தூண் இறக்குவது) பார்க்கிறவன் லீவிலும் அஸ்திவாரம் பார்க்கப் போகிறானே என்று வீட்டில் சிரித்தார்கள். துணைக்குச் சித்தப்பா இருக்கிறார். பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர், நேப்பர்வில்லில் மகள் வீட்டில் தங்கியிருக்கிறார். பேரனைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வருவதைத் தவிர வேறு வேலை இல்லாமல் அலுத்துப்போயிருந்தவர், நான் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டார்.

இன்று கிராண்ட் பார்க்கில் நடந்ததோடு சரி. 1871 அக்டோபரில் நகரம் எரிந்தபோது இடிபாடுகளை எல்லாம் ஏரிக்கரையில் கொண்டுவந்து கொட்டினார்கள். இப்போது புல்லும் பூவுமாக இருக்கும் இடத்தில் ஒரு பகுதிக்கு அடியில் கரிந்த செங்கல் கிடக்கிறது. அதற்கும் முந்தைய கதை இன்னும் விசித்திரம். ஏரி மட்டத்துக்கு வெகு கொஞ்சமே உயரத்தில் இருந்த ஊருக்குச் சாக்கடை போட வழியில்லை. 1850களின் நடுவில் செஸ்ப்ரோ என்ற பொறியாளர் குழாயைத் தெருவின் மேலேயே பதித்து, தெருவை உயர்த்திவிடுங்கள் என்றார். தெரு உயர்ந்தது, கட்டடங்கள் பள்ளத்தில் நின்றன. பிறகு கட்டடங்களையும் தூக்கினார்கள். 1860இல் லேக் தெருவில் ஒரு வரிசைக் கட்டடங்கள் மொத்தத்தையும் 600 ஆட்கள் 6,000 திருகு ஜாக்கிகளைக் கொண்டு கிளப்பியபோது உள்ளே கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது.

"கடைக்காரன் வாடகை கொடுத்திருக்க மாட்டான், அதான் காலி பண்ணல" என்றார் சித்தப்பா.

திங்கள், சிகாகோ

காலையில் மன்றோ தெரு. மான்டாக் பிளாக் என்ற கட்டடம் இருந்த இடத்தில் பார்க்க ஒன்றும் இல்லை, 1902இலேயே இடித்துவிட்டார்கள். ஆனாலும் அங்கிருந்து தொடங்குவதுதான் முறை.

1873இல் ஃபிரெடரிக் பௌமன் என்ற கட்டடக் கலைஞர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். சுவருக்கு அடியில் ஒரே நீள அஸ்திவாரம் ஓட்டாதீர்கள், ஒவ்வொரு தூணுக்கும் தனித்தனியாகக் கொடுங்கள், தூணில் எவ்வளவு பாரமோ அதற்கு ஏற்ற பரப்பளவு கொடுங்கள் என்பதுதான் அதன் சாரம். அப்போது எல்லாத் தூணுக்கும் கீழே ஒரு சதுர அடி மண்ணில் விழும் பாரம் ஒன்றாக இருக்கும், கட்டடம் இறங்கினாலும் எங்கும் ஒரே அளவாக இறங்கும். இறங்காமல் இருக்க வழி சொல்லவில்லை அவர். இந்தக் களியில் அது முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு சதுர அடிக்கு ஒன்றரை, இரண்டு டன்னுக்கு மேல் வைக்கப் பயந்தார்கள். இத்தனை அங்குலம் இறங்கும் என்று கணக்குப் போட்டு, வாசலை அந்த அளவு தூக்கியே கட்டினார்கள். புதுக் கட்டடத்தின் வாசலுக்கு நடைபாதை சரிவாக ஏறிப் போகும். சில வருடங்களில் சமமாகிவிடும்.

தனித்தனி அஸ்திவாரம் என்றால் அன்றைக்குக் கல்தான். அடியில் அகலமாக ஆரம்பித்துப் படிப்படியாகக் குறுகும் பிரமிடு. மாடி ஏற ஏற பிரமிடு பெருத்து, அடித்தளத்தில் பாய்லர் வைக்கக்கூட இடமில்லாமல் போனது. கீழே ஆழப்படுத்தலாம் என்றால் அந்தக் கெட்டித் தோல் கிழியும். 1881-82இல் மான்டாக் பிளாக் கட்டும்போது அதன் கட்டடக் கலைஞர் ஜான் ரூட் தண்டவாளங்களை அடுக்கி, அதன்மேல் குறுக்கே இன்னொரு அடுக்கு வைத்து, கான்கிரீட்டில் புதைத்துவிட்டார். இரும்பு வளைவைத் தாங்கும் என்பதால் பிரமிடு தட்டையாகிவிட்டது. ரயில் ஓட வேண்டிய தண்டவாளம் மண்ணுக்குள் போய் அடித்தளத்தை மீட்டுக் கொடுத்தது.

பார்க்கக் கிடைக்கும் சாட்சி மொனாட்நாக். ஜாக்சன் பூலவார்டும் டியர்பார்னும் சேரும் மூலையில், 1891இல் முடிந்த வடக்குப் பாதி. பதினாறு மாடியும் செங்கல் சுவர் மீதே நிற்கிறது, தரைமட்டத்தில் சுவரின் கனம் ஆறடி. வாசலில் நின்று பக்கச் சுவரின் கனத்தைக் கையை நீட்டி அளக்கப் பார்த்தேன், கை போதவில்லை. அஸ்திவாரம் கட்டடத்தின் எல்லையைத் தாண்டித் தெருவுக்கு அடியிலும் விரிந்திருக்கிறது.

எட்டு அங்குலம் இறங்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். 1905க்குள் எட்டையும் தாண்டி இறங்கி, தரைத்தளத்தைத் திருத்திக் கட்ட வேண்டியதாயிற்று. 1940களின் கடைசியில் பார்த்தபோது 20 அங்குலம். இன்றைக்கு நடைபாதையிலிருந்து ஒரு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். விரிசல் தேடி நடைவழி முழுக்க நடந்தோம். பளிங்குத் தரை, அலுமினியப் படிக்கட்டு, தொப்பிக் கடை, முடிதிருத்தும் கடை. கண்ணில் படும்படியாக ஒன்றும் இல்லை.

"இருபது அங்குலம் இறங்கிருக்குன்னு நீ சொல்லலைன்னா எனக்குத் தெரியவே தெரியாதுடா" என்றார் சித்தப்பா. பௌமன் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ரூக்கரி கட்டடத்தையும் எட்டிப் பார்த்தோம். 1888, அதுவும் தண்டவாள அஸ்திவாரம். கூட்டம் எல்லாம் மேலே கண்ணாடிக் கூரையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

செவ்வாய், சிகாகோ

ஆடிட்டோரியம் கட்டடத்துக்கு முன்பதிவு செய்து போனோம். 1889இல் திறந்தது. நடுவில் பெரிய அரங்கு, சுற்றிலும் பத்து மாடிக்கு ஹோட்டலும் அலுவலகமும், ஒரு பக்கம் பதினேழு மாடிக் கோபுரம். கட்டியவர்கள் டாங்க்மர் ஆட்லரும் லூயிஸ் சல்லிவனும். சல்லிவனின் அலங்காரத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் ஆட்லர் கட்சி.

அவருக்கு வந்த சிக்கலைப் பாருங்கள். வெளிச்சுவர் பயங்கர கனம், நடுவில் அரங்கு வெறும் காற்று, ஒரு பக்கம் கோபுரம் இன்னும் கனம். மூன்றும் ஒரே களிமேல் நிற்க வேண்டும். ரயில் ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, அதன்மேல் இரண்டு அடுக்குத் தண்டவாளம், கான்கிரீட், எல்லாவற்றுக்கும் கீல் பூச்சு என்று ஒரு தெப்பமே கட்டினார் அவரும் அவருடைய பொறியாளர் பால் முல்லரும்.

கோபுரத்துக்குச் செய்த யுக்தி எனக்கு ரொம்பப் பிடித்தது. கோபுரம் கடைசியில்தான் முழு உயரம் எட்டும். அதுவரை சுற்றியுள்ள சுவர்கள் தங்கள் பங்குக்கு இறங்கி முடித்திருக்கும், பிறகு கோபுரம் தனியாக இறங்கினால் சேருமிடத்தில் சுவர் கிழியும். அதனால் வேலை நடக்கும்போதே கோபுரத்தின் கீழ்த்தளங்களில் வார்ப்பிரும்புப் பாளங்களையும் செங்கற்களையும் அடுக்கி, இன்னும் கட்டாத மாடிகளின் பாரத்தை முன்கூட்டியே ஏற்றிவிட்டார். மேலே உண்மையான மாடி ஏற ஏற கீழே பாளங்களைக் குறைத்துக்கொண்டே வந்தார். பைல் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சோதிக்க மணல் மூட்டை அடுக்கியவர்களுக்கு இந்த வேலையின் அலுப்பு தெரியும். மொத்தக் கோபுரத்துக்கும் அதைச் செய்ய என்ன பொறுமை வேண்டும்!

கெடுத்தது மண் அல்ல. வெளிப்பூச்சு இலேசான டெரகோட்டா என்று நினைத்து அஸ்திவாரக் கணக்குப் போட்டிருந்தார்கள். அஸ்திவாரம் போய்க்கொண்டிருக்கும்போதே அதைக் கல்லாக மாற்றச் சொல்லிவிட்டார்கள். சுவர் கனத்தது, தெப்பத்தின் ஓரம் அமுங்கியது. இன்று சில இடங்களில் 29 அங்குலம் வரை இறங்கியிருக்கிறது. சைட்டில் வேலை பார்க்கும் யாரும் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடுவார்கள். "ஃபவுண்டேஷன் முடிஞ்சுதா? சரி, எலிவேஷன்ல ஒரு சின்ன சேஞ்ச்" என்று வரும் போன் எந்த நூற்றாண்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

லாபியில் அது காலுக்கே தெரிகிறது. சின்னச் சின்னச் சலவைக்கல் துண்டுகள் பதித்த மொசைக் தரை. நடுவில் நிற்கும்போது ஒன்றும் இல்லை, வெளிச்சுவரை நோக்கி நடந்தால் கடைசிச் சில அடிகளில் உடம்பு தானாக முன்னால் போகிறது. போனில் ரசமட்டம் திறந்து தரையில் வைத்தேன், குமிழி நடுவில் நிற்க மறுத்துச் சுவருக்கு எதிர்ப்பக்கம் ஓடியது. சித்தப்பா குனிந்து உள்ளங்கையை மொசைக் மேல் வைத்துத் தடவிப் பார்த்தார். ஒரு துண்டுகூடப் பெயர்ந்து வரவில்லை. வழிகாட்டிப் பெண் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டுச் சரிவு அதிகமாக இருக்கும் மூலையைத் தானே காட்டினார்.

புதன், சிகாகோ

நாள் முழுக்க மழை. எங்கும் போகவில்லை. இந்தக் களியைப் பற்றிச் சில வரிகள் மட்டும்.

டவுன்டவுன் தெருக்களுக்கு நாற்பதடி கீழே 1899 முதல் சரக்கு ரயில் சுரங்கம் வெட்டினார்கள். கத்தியால் சீவியே களியை எடுத்தார்கள், அந்த மண்ணும் ஏரிக்கரையை நிரப்பத்தான் போனது. 1992 ஏப்ரல் 13 அன்று அந்தச் சுரங்கம் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. முந்தைய வருடம் கின்சி தெருப் பாலத்தருகே ஆற்றில் அடித்த பைல் ஒன்று சுரங்கச் சுவரைச் சேதப்படுத்தியிருந்தது. ஓட்டை பெரிதாகி ஆறு உள்ளே புகுந்து, சுரங்கத்தோடு இணைந்திருந்த அடித்தளங்கள் எல்லாம் நிரம்பின. தெருவில் தண்ணீர் இல்லை, கட்டடங்களுக்கு அடியில் வெள்ளம்.

1938இல் தொடங்கிய சப்வே வேலைக்கு மண் பொறியியல் நிபுணர் கார்ல் டெர்சாகி ஆலோசகர். களி சுரங்கத்துக்குள் எவ்வளவு பிதுங்குகிறது என்று அளக்க இங்கேயே ஆய்வகம் வைத்து உட்கார்ந்தவர் ரால்ஃப் பெக் என்ற இளைஞர். டெர்சாகி, பெக் என்றால் சிவில் படித்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இந்த ஊர்க் களி இருக்கிறது.

வியாழன், சிகாகோ

ஆர்ட் இன்ஸ்டிடியூட். ஓவியங்களைத் தாண்டி நேரே பங்குச் சந்தைக் கூடத்துக்குப் போனோம். ஆட்லரும் சல்லிவனும் 1893-94இல் கட்டிய சிகாகோ பங்குச் சந்தைக் கட்டடத்தை 1972இல் இடித்தபோது அந்தக் கூடத்தின் துண்டுகளைக் காப்பாற்றி இங்கே மறுபடி கட்டினார்கள். வாசல் வளைவு வெளியே தோட்டத்தில் தனியாக நிற்கிறது. அலங்காரத் துண்டுகளை மீட்கப் போன புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் நிக்கல் இடிபாட்டில் சிக்கி இறந்தார். அந்த வளைவின் கீழ் நிற்கும்போது அவர் ஞாபகம் வராமல் இருக்காது.

காப்பாற்ற முடியாமல் போனது அதன் அஸ்திவாரம். கட்டடத்தின் பெரும்பகுதிக்கு மரப் பைல் அடித்தார்கள். மேற்குச் சுவரை ஒட்டி ஹெரால்ட் பத்திரிகையின் அச்சு எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பைல் அடித்தால் அதிர்வில் எந்திரம் நிலைதடுமாறும், பத்திரிகை நின்றுவிடும். வில்லியம் சூய் ஸ்மித் என்ற பழைய ராணுவ ஜெனரல், பாலம் கட்டிப் பெயர் எடுத்தவர், அந்தச் சுவருக்கு மட்டும் கிணறு தோண்டுங்கள் என்றார்.

வேலை இப்படி. ஐந்தடி ஆழத்துக்கு வட்டமாகக் கையால் தோண்டுவது. களி பசையுள்ளது, கொஞ்ச நேரம் சரியாமல் நிற்கும். அதற்குள் ஒன்றோடொன்று பொருந்தும் பலகைகளைச் சுற்றிலும் செங்குத்தாக நிறுத்தி, உள்ளிருந்து இரும்பு வளையத்தை வைத்து இறுக்குவது. பிறகு அதற்குக் கீழே அடுத்த ஐந்தடி. வாளியில் மண் மேலே போகும், பலகை கீழே வரும். ஹார்ட்பேன் தட்டியதும் அடியை மணி மாதிரி அகலமாக வெட்டி, முழுக் கிணற்றையும் கான்கிரீட்டால் நிரப்பிவிடுவது. வாயு இருக்கலாம், வழியில் தண்ணீர் ஊறும் வண்டல் இருக்கலாம், உள்ளே இருப்பவனுக்கு மேலே தெரியும் வட்ட வானம்தான் துணை. பிறகு வந்த பெரிய கட்டடங்களுக்குப் பாறை வரைக்குமே இப்படிப் போனார்கள். துளை போடும் எந்திரம் வந்து இந்த முறையை ஓரங்கட்டப் பல பத்தாண்டுகள் ஆயின. 'சிகாகோ கெய்சன்' என்றுதான் இதற்குப் பெயர்.

"உறைகிணறு மாதிரிதானேடா?" என்றார் சித்தப்பா.

"இல்ல சித்தப்பா. உறைய மேல வச்சுட்டு அடில தோண்டினா அது தானா இறங்கும். இங்க முதல்ல தோண்டிட்டு அப்புறம் பலகை வைக்கிறாங்க. நீங்க சொல்றது நியூயார்க்ல வரும்."

"அப்ப அங்கயும் போய்ப் பாத்துட்டு எழுது" என்றார். முழங்கால் வலி, அவர் வரவில்லை.

சனி, ரயிலில்

நேற்றிரவு சிகாகோ யூனியன் ஸ்டேஷனில் ஏறியது, இன்னும் ஹட்சன் ஆறு வரவில்லை. சாப்பாடு சுமார்.

சிகாகோவில் கிணறு தோண்டச் சொன்ன சூய் ஸ்மித்தின் மகன் சார்லஸ் நியூயார்க்கில் அஸ்திவார கான்ட்ராக்டர். அப்பாவின் நடுப்பெயரையும் கடைசிப் பெயரையும் ஒட்டி 'சூய்ஸ்மித்' என்று ஒரே பெயராக வைத்துக்கொண்டவர். பங்குச் சந்தைக் கட்டடத்துக்கு அப்பா கிணறு வெட்டிய அதே 1893இல், மகன் பிராட்வேயில் மன்ஹாட்டன் லைஃப் கட்டடத்துக்குக் காற்றழுத்த கெய்சன் இறக்கிக்கொண்டிருந்தார். பாலங்களுக்கு மட்டும் இருந்த அந்த முறை உயரக் கட்டடத்துக்கு வந்தது அங்கேதான்.

ஞாயிறு, நியூயார்க்

டிரினிட்டி தேவாலயத்துக்கு எதிர்ச்சாரியில் கொஞ்சம் தெற்கே, பிராட்வே 66. மன்ஹாட்டன் லைஃப் கட்டடம் 1960களில் போய்விட்டது, அந்த இடத்தில் ஒன் வால் ஸ்ட்ரீட்டின் பிற்சேர்க்கை நிற்கிறது.

இந்த ஊரின் பிரச்சினை வேறு. கீழே நல்ல பாறை உண்டு, இந்த இடத்தில் ஐம்பதடி சொச்சத்திலேயே வந்துவிடுகிறது. நடுவில் இருப்பது தண்ணீர் நிறைந்த நுண்மணல். பள்ளம் தோண்டித் தண்ணீரை இறைத்தால், தண்ணீரோடு மணலும் வரும். அது பக்கத்துக் கட்டடத்தின் அடியிலிருந்து வரும் மணல். பைல் அடித்தாலும் பக்கத்துச் சுவர் அதிரும்.

அதனால் அடிப்பாகம் திறந்த ஒரு பெட்டியைத் தரையில் வைத்து, உள்ளே காற்றழுத்தம் ஏற்றுகிறார்கள். காற்று தண்ணீரை உள்ளே விடாது. ஆட்கள் காற்று வெளியேறாதபடி இரட்டைக் கதவு வைத்த காற்றுப்பூட்டு வழியாக இறங்கிக் காய்ந்த தரையில் நின்று தோண்டுவார்கள். பெட்டியின் தலையில் செங்கல்லோ கான்கிரீட்டோ ஏற ஏற, அந்தக் கனத்தில் பெட்டி இறங்கும். சித்தப்பா கேட்ட உறைகிணறு இதுதான், மேலே மூடி போட்டுக் காற்றடைத்தது. பாறையில் உட்கார்ந்ததும் வேலை அறையையும் கான்கிரீட்டால் நிரப்பிவிட்டு ஆட்கள் மேலே வருவார்கள். பதினைந்து கெய்சன்களை இப்படி இறக்கி, அதன்மேல் 348 அடிக் கட்டடத்தை 1894இல் எழுப்பினார்கள்.

மதியம் வுல்வொர்த். 1913, 792 அடி, அன்றைக்கு உலகிலேயே உயரமான கட்டடம். இங்கே பாறை நூறடிக்கும் கீழே. 69 கெய்சன்கள், பெரியவற்றின் விட்டம் 19 அடி. அஸ்திவார வேலை தொடங்கிய பிறகும் முதலாளி வுல்வொர்த் பக்கத்து மனையை வாங்கிக் கட்டடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். முன்பே தீர்மானித்த சில கெய்சன்களுக்கு நேர் மேலே தூண் வரவில்லை, கர்டர் போட்டுத்தான் பாரத்தை நகர்த்தினார்கள். சிகாகோவில் ஆட்லருக்கு நடந்ததேதான், ஆனால் கீழே பாறை இருந்ததால் பிழைத்தார்கள்.

லாபிக்குள் டூரில்தான் விடுகிறார்கள். தங்க மொசைக் கூரைக்குக் கீழே, வளைவு தொடங்கும் இடங்களில் சின்னச் சின்னக் கேலிச் சிற்பங்கள். காசு எண்ணும் வுல்வொர்த், கட்டடத்தின் மாதிரியைக் கட்டிப்பிடித்திருக்கும் கட்டடக் கலைஞர் காஸ் கில்பர்ட். எனக்குப் பிடித்தது கன்வால்ட் ஆஸ். நார்வேக்காரர், கட்டமைப்புப் பொறியாளர். மூக்குக் கண்ணாடியோடு குனிந்து ஒரு இரும்பு உத்தரத்தை அளந்துகொண்டிருக்கிறார். பொறியாளருக்கு லாபியில் சிலை வைத்த முதலாளியை அவ்வளவு சீக்கிரம் பார்க்க முடியாது.

திங்கள், நியூயார்க்

புரூக்ளின் பாலத்தில் காலையிலேயே கூட்டம். மன்ஹாட்டன் பக்கக் கோபுரத்தின் அடியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிராட்வேயில் நடந்ததெல்லாம் இங்கே கற்றதுதான்.

1870இல் புரூக்ளின் கரையில் இறக்கிய மரப்பெட்டி 168 அடிக்கு 102 அடி. கோயில் பிராகாரம் அளவு அறையில் மங்கிய வெளிச்சமும் வெக்கையும், அழுத்தத்தில் எல்லோர் குரலும் கீச்சென்று மாறிவிடும். கூலி நாளுக்கு இரண்டு டாலர், பெரும்பாலும் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்தவர்கள். புரூக்ளின் பக்கம் 44 அடியில் நின்றது. மன்ஹாட்டன் பக்கம் எழுபதைத் தாண்டியதும் ஆட்கள் மேலே வந்தபின் மூட்டு பிடித்து, வயிறு சுருண்டு விழுந்தார்கள். சிலர் செத்தார்கள். அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், வேகமாக மேலே வந்தால் குமிழியாகிறது. மெதுவாக அழுத்தத்தைக் குறைத்து வெளியே விட வேண்டும் என்பது அன்றைக்கு யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கும் அதிலேயே படுக்கையில் விழுந்தார். பிறகு அவர் மனைவி எமிலிதான் அவருக்கும் சைட்டுக்கும் நடுவில் நின்று வேலையை நடத்தினார்.

78 அடியில் ரோப்ளிங் நிறுத்தச் சொன்னார். பாறை இன்னும் கீழே. ஆனால் அந்த மணல் இறுகிக் கிடந்தது, காலங்காலமாக அசையாத படிவு என்று முடிவு செய்தார். இன்னும் தோண்டினால் எத்தனை உயிர் போகும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். மன்ஹாட்டன் கோபுரம் இன்றும் மணல்மேல்தான் நிற்கிறது. என்னைக் கேட்டால், தோண்டச் சொல்வதைவிட நிறுத்தச் சொல்வதற்குத்தான் அதிகத் தைரியம் வேண்டும்.

செவ்வாய், நியூயார்க்

சென்ட்ரல் பார்க்கில் பாறை வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. மன்ஹாட்டன் ஷிஸ்ட், வெயிலில் மினுக்கும் அபிரகம், பனிப்பாறை உரசிப்போன கோடுகள். பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள்.

தெற்கில் ஒரு கொத்து, மிட்டவுனில் ஒரு கொத்து, நடுவில் குட்டைக் கட்டடங்கள் என்று இந்த ஊர் இருப்பதற்குப் பாறையின் ஆழமே காரணம் என்று டூர் கைடுகள் எல்லோரும் சொல்கிறார்கள். ஜேசன் பார் என்ற பொருளாதார அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் 1890 முதல் 1915 வரையிலான கட்டடங்களை வைத்து ஆராய்ந்து அது சரியில்லை என்றார்கள். நகர மன்றத்தைச் சுற்றி ஆழப் பாறை இருந்த இடத்திலேயே மிக உயரமானவை எழும்பியிருக்கின்றன. மிட்டவுன் வளர்ந்தது கடைகளும் ரயிலும் மக்களும் அங்கே நகர்ந்ததால். பைலிங் பில் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இது நம்பும்படி இருக்கிறது. மனை விலைக்கு முன்னால் அஸ்திவாரச் செலவு எப்போதும் சின்னத் தொகைதான்.

ஆனாலும் பாறை பக்கத்தில் இருந்தால் நேரம் மிச்சம். எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு 1930 ஜனவரியில் தோண்ட ஆரம்பித்து, 1931 மே 1 அன்று திறந்தார்கள். அங்கே முன்பு இருந்த வால்டோர்ஃப் அஸ்டோரியா ஹோட்டலின் இடிபாட்டைப் படகில் ஏற்றிக் கடலில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: மொனாட்நாக்குக்கு வார நாளில் போங்கள், கடைகள் திறந்திருக்கும், காசு கிடையாது. ஆடிட்டோரியமும் வுல்வொர்த்தும் முன்பதிவு இல்லாமல் நடக்காது. ஆர்ட் இன்ஸ்டிடியூட் எல்லா நாளும் திறப்பதில்லை, பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். பங்குச் சந்தை வளைவு வெளியே இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆடிட்டோரியத்துக்கு ஹீல்ஸ் போட்டுக்கொண்டு போக வேண்டாம்.